தோட்டத்துக் குழாய் பற்றி

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அம்மா உன் முகத்தைப் பார்த்துவிட்டு இளைத்துப் போயிருக்கிறாய் என்றாள். நான் உனக்குப் பின்னால் ஜன்னலில் தெரிந்த தோட்டத்தைப் பார்த்தேன். மருந்துக்குக்கூடப் பனி இல்லை. புல்லெல்லாம் சாக்கு நிறத்தில் கிடக்கிறது. சுவரோரக் குழாயில் ஹோஸ் இன்னும் மாட்டியபடியே இருக்கிறது. குளிர் தொடங்கும் முன்பே மாப்பிள்ளை அதைக் கழற்றிச் சுருட்டி உள்ளே வைத்துவிடுவாரே? இந்த வருடம் வேலை அதிகமாக இருக்கும். பரவாயில்லை, நீயே கழற்றிவிடு. ஹோஸில் தங்கும் தண்ணீர் உறைந்தால் விரியும். குழாய் மட்டுமில்லை, சுவருக்குள் போகும் பைப்பும் வெடிக்கும். வெடித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது, பனிக்கட்டி உருகும்போதுதான் சுவருக்குள் கசிய ஆரம்பிக்கும்.

கழற்றச் சொன்னேன் என்பதற்காகத் தண்ணீரே விட வேண்டாம் என்று அர்த்தமில்லை. விடும் நாளில் மாட்டு, முடிந்ததும் கழற்றி வடித்து வை.

மரம்தான் இலையை உதிர்த்துவிட்டதே, தண்ணீர் எதற்கு என்பாய். போன வருடமும் அதைத்தான் சொன்னாய். இலை இல்லாவிட்டாலும் வேர் உயிரோடுதான் இருக்கிறது. தண்ணீர் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல் மண்ணில், ஓரடி ஆழத்துக்குள் இருப்பவை. ஈர மண் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். காய்ந்த மண்ணில் குளிர் சீக்கிரம் இறங்கி அந்த மெல்லிய வேர்களைக் கொன்றுவிடும். வேலியோர ஊசியிலை மரங்களுக்கு இன்னும் கஷ்டம். அவை இலையை உதிர்ப்பதில்லை. வெயிலும் காற்றும் பட்டால் குளிரிலும் ஈரத்தை இழந்துகொண்டே இருக்கும். மண் உறைந்தோ வறண்டோ கிடந்தால் இழந்ததை ஈடுகட்ட வழியில்லை. காற்றடிக்கும் பக்கத்து ஊசிகள் நுனியிலிருந்து பழுப்பாகும்.

தரையில் பனி இல்லாமல், மழையும் இல்லாமல் மூன்று நான்கு வாரம் போனால் ஒரு தடவை தண்ணீர் விடு. மண் உறைந்திருக்கக் கூடாது, வெளியே 4 அல்லது 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். நடுப்பகலில் விட்டால்தான் இரவில் உறைவதற்குள் உள்ளே இறங்கும். அடிமரத்தின் குறுக்களவில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 38 லிட்டர் என்பது கணக்கு. நாங்கள் வந்திருந்தபோது நட்ட மேப்பிள் இப்போது இரண்டு அங்குலம் இருக்கும். அப்படியென்றால் பத்து லிட்டர் வாளியில் ஏழெட்டு வாளி. நீ தூக்காதே, உன் முதுகு தாங்காது. ஹோஸை மெல்லிசாகத் திறந்து தரையில் போட்டு, இடம் மாற்றி மாற்றி வை. அடிமரத்தில் ஊற்றாதே. கிளை பரவியிருக்கும் வட்டத்துக்குள்ளும் ஓரத்திலும் அதற்குச் சற்று வெளியேயும்தான் குடிக்கிற வேர் இருக்கிறது. காய்ந்த இலையோ மரத்தூளோ நாலு விரல் கனத்துக்குப் பரப்பு, அடிமரத்தை ஒட்டிக் குவிக்காதே. முடிந்ததும் ஹோஸைக் கழற்று.

அந்த மேப்பிளின் பட்டை மெல்லியது. பகல் வெயிலில் தென்மேற்குப் பக்கம் சூடேறி விழித்துக்கொள்ளும், இரவுக் குளிர் திடீரென்று தாக்கினால் அந்தப் பக்கம் செத்து வெடிக்கும். வெளிர் நிறக் காகிதத்தைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, வசந்தம் வந்ததும் எடுத்துவிடு. ஒருவர் பிடிக்க ஒருவர் சுற்றினால் சுலபம். ஆள் இல்லையென்றால் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்று, உனக்கு வரும்.

குளிர்கால வறட்சியின் சேதம் குளிர்காலத்தில் தெரியாது. வசந்தத்தில் சேர்த்து வைத்திருந்த சத்தைக் கொண்டு மரம் எப்போதும்போலத் துளிர்க்கும். போட்டோகூட எடுத்து அனுப்புவாய், நாங்களும் அழகாக இருக்கிறது என்போம். வெயில் ஏற ஏற, வேர் இல்லாத மரத்தால் தாக்குப்பிடிக்க முடியாது. கோடையில் திடீரென்று பட்டுப்போகும். என்ன ஆயிற்று, நன்றாகத்தானே இருந்தது என்று எல்லாரும் கேட்பார்கள். ஆனதெல்லாம் மாதக்கணக்குக்கு முன்பே. அதனால்தான் முன்கூட்டியே கேட்கிறேன். கேட்டால் தொணதொணப்பு என்கிறாய்.

வீட்டுக்குள் இருக்கும் செடிகளுக்கு நேர் எதிர். அங்கே தண்ணீர் குறைந்து சாவதைவிடக் கூடிச் சாவதுதான் அதிகம். வெளிச்சம் குறைவு, வளர்ச்சி இல்லை, குடிக்காத தண்ணீர் தொட்டியில் தேங்கி வேர் அழுகிவிடும். பாசத்தால் ஊற்றி ஊற்றிக் கொல்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன், யாரைச் சொல்கிறீர்கள் என்று முறைத்தாள். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார். காய்ந்திருந்தால் ஊற்று, தட்டில் வடிவதைக் கொட்டிவிடு.

ஆனால் காற்று வறண்டுதான் இருக்கும். ஹீட்டர் ஓடும் வீட்டில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போகும். அந்தச் செடிகள் 40, 50 கேட்பவை. மேலே தண்ணீர் தெளிப்பது கொஞ்ச நேரத்துக்குத்தான், பெரிய பலன் இல்லை. தொட்டிகளை ஒன்றாகச் சேர்த்து, ஹீட்டர் காற்று நேராகப் படாத இடத்தில் வை. இலை ஜன்னல் கண்ணாடியைத் தொடவும் கூடாது.

போட்டோவில் எலுமிச்சைத் தொட்டியின் இலைகள் மங்கலாகத் தெரிந்தன. வறண்ட சூட்டில் சிலந்திப்பேன் வரும். வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டு. விழுந்த தூசியை ஒரு நிமிடம் உற்றுப் பார். தூசி நகர்ந்தால் அது தூசியில்லை. தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப் போய் இலையின் அடிப்பக்கத்தை ஷவரில் நன்றாகக் கழுவு. வாரம் ஒரு தடவை, மூன்று நான்கு வாரம். உரம் இப்போது வேண்டாம். தண்ணீர் ஊற்றும் முன் விரலை விட்டுப் பார்.

இவ்வளவும் உனக்குத் தெரிந்திருக்கும். தனியாக ஒரு வீட்டைக் கட்டி ஆள்கிறாள் என் பெண் என்று எல்லாரிடமும் பெருமையடிக்கிறேன். தனியாக என்று எழுதிவிட்டேன், அந்த அர்த்தத்தில் இல்லை. அம்மாவின் பிறந்தநாளுக்கு மாப்பிள்ளை கூப்பிடாமல் இருந்ததே கிடையாது, இந்தத் தடவை நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீ போன் பண்ணும்போதெல்லாம் அவர் வெளியே போயிருக்கிறார் என்கிறாய், சரி, போயிருப்பார். உன் அத்தை ஏதோ சொன்னாள், அவள் எப்போதும் ஏதாவது சொல்பவள், அதை விடு.

மேப்பிளின் அடிமரத்தைத் தரையிலிருந்து அரையடி உயரத்தில் நூலால் சுற்றி அளந்து எழுது, எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றால் வேண்டாம், அளவை மட்டும் எழுது. எங்கள் இரண்டு பேரின் விசாவும் இன்னும் செல்லும். காகிதம் சுற்றும்போது பிடிக்க ஆள் வேண்டுமென்றால் சொல், டிக்கெட் பார்க்கிறேன். தயங்காதே, இங்கே எங்களுக்கு அப்படி ஒன்றும் வேலை இல்லை.

அப்பா