அந்த ஆறு பேருக்காக: காட்சிக்கூடப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களே,

வணக்கம். பினாங்கு ஜார்ஜ் டவுனில் நீங்கள் வைத்திருக்கும் பழைய நிலக்காட்சிப் புகைப்படங்களைப் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்து வந்தேன். அவருக்கு வயது 81. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே பால்மரம் சீவியவர். கரும்புத் தோட்டப் படத்துக்கு முன்னால் நின்றவர் நகரவே இல்லை. கரும்புக்கு நடுவே தலைப்பாகை கட்டிய ஆறு பேர். "யாருன்னு போட்டிருக்காய்யா?" என்று கேட்டார். குறிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது: கரும்பின் உயரம் தெரியக் கூலிகள் நிறுத்தப்பட்டிருக்கிறார்களாம். இதை எந்த வாயால் அம்மாவிடம் சொல்வது? "நம்ம ஆளுங்கதாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

முகப்பில் கேட்டபோது, 'கூலி' என்பது அந்தக் காலத்துச் சொல் என்றார்கள். படத்தின் அட்டையில் அன்றே எழுதியிருந்தால் அது வரலாறு, இருக்கட்டும். சுவரில் இருப்பது நீங்கள் இந்த ஆண்டு அச்சடித்தது. தயவுசெய்து அதை மாற்றுங்கள், தமிழிலும் எழுதுங்கள்.

ஈரத் தகடு என்ற அந்தக் காலத்துப் புகைப்பட முறை பற்றிய உங்கள் பலகையை விரும்பிப் படித்தேன். கண்ணாடியில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். ஆள் அசைந்தால் உருவம் கலைந்துவிடும். அந்த ஆறு பேரும் வெயிலில் அசையாமல் நின்றதும் ஒரு வேலைதான். ஸ்காட்லாந்துப் புகைப்படக்காரர் ஜான் தாம்சன் 1862இல் பினாங்குக்கு வந்து பத்து மாதம் படமெடுத்தார். அவற்றை வாங்கியவர்கள் இங்கிருந்த ஐரோப்பியர்கள். படங்களை அச்சிடவும் உதவிக்கும் மதராஸ்காரர் இருவரைப் பழக்கியதாக 1875இல் வந்த நூலில் அவரே எழுதியிருக்கிறார். உங்கள் பலகையில் தாம்சன் இருக்கிறார், அந்த இருவர் இல்லை. இந்த ஊரில் இது புதிதல்ல. சாலை போட்ட இந்தியக் கைதிகளையும் இப்படித்தான் விட்டுவிட்டோம், சாலைகளுக்கு மட்டும் துரைமார் பெயர்.

முட்டை வெள்ளைக்கரு பூசிய தாள் வெளிச்சத்தில் மங்கும் என்று சன்னல்களுக்குத் திரை போட்டிருக்கிறீர்கள். நல்ல காரியம். தாளின் மேல் உள்ள அக்கறையைத் தாளில் நிற்பவர்கள் மேலும் வையுங்கள்.

கோபத்தில் ஏதும் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: குறிப்பை மாற்றுங்கள், தமிழிலும் எழுதுங்கள். மாற்றியதும் அம்மாவை மறுபடி அழைத்து வருகிறேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர், அவரே வாசித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பார்வையாளர்