கிளை கழிக்கும் முன் அணில் கூட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாசியில் வீட்டு மரங்களின் கிளை கழிப்பவர்கள் முதலில் அணில் கூட்டைத் தேட வேண்டும். வாதாம் மரம் இலை உதிர்த்து நிற்பதால் இப்போது எளிது. கவட்டையில் தேங்காய் நார், பஞ்சு, நூல் கலந்த உருண்டை தெரிந்தால் அதுதான்.

வெயில் ஏறுவதற்குள் பாருங்கள். ஒருவர் மட்டும் சுற்றிவந்தால் அணில் அடிமரத்தின் மறுபக்கமாகவே நழுவிக்கொண்டிருக்கும். எதிரெதிரே இருவர் நிற்க வேண்டும். வாயில் நாரோடு ஓடினால் கூடு கட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வாலை வெடுக்வெடுக்கென்று ஆட்டிக் கீச்சிட்டால் குட்டி இருக்கலாம் (பூனையைக் கண்டாலும் அப்படித்தான் கத்தும்). குட்டிகள் பால் மறக்கச் சுமார் 10 வாரம் ஆகும். அந்தக் கிளையை மட்டும் வைகாசிக்குத் தள்ளிவையுங்கள். ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பின்னாலும் பாருங்கள், கோடையில் போடுவதற்கு முன்பே.

– வாசகர்கள், மந்தைவெளி, சென்னை