ஜர்னைல் சிங் படக் கண்காட்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

இந்தியக் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கைப் பற்றிக் கோபிசெட்டிபாளையத்தில் நாங்கள் நடத்திய படக் கண்காட்சிக்கு உதவிய அத்தனை பேருக்கும் எங்கள் கால்பந்துக் குழுவின் வணக்கமும் நன்றியும்.

முதல் நன்றி, ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் ஊர் ஐயாவுக்கு. அறுபதுகளில் கல்கத்தாவில் இருந்தபோது அந்த ஊர் கால்பந்துக் கழகமான மோகன் பகானுக்காக ஜர்னைல் சிங் ஆடியதை நேரில் பார்த்தவர். அப்போது வெட்டி வைத்த பத்திரிகைத் துண்டுகளைத் தகரப் பெட்டியோடு எங்களிடம் ஒப்படைத்துவிட்டார். கண்காட்சியில் பாதி அதிலிருந்து வந்ததுதான். உட்காருங்கள் என்று எத்தனை முறை சொல்லியும் கேளாமல், பிள்ளைகள் நடுவே நின்றபடியே 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியைக் கண்முன் கொண்டுவந்தார்.

தாய்லாந்துடன் ஆடும்போது ஜர்னைலுக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். பின்களத்தின் தூணே அவர்தான். பயிற்சியாளர் ரஹீமோ, தலையில் கட்டுடன் அவரை முன்களத்தில் இறக்கினார். அரையிறுதியில் தெற்கு வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல். செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராக இன்னொன்று. அரங்கமே இந்தியாவை எதிர்த்துக் கூச்சலிட்ட அந்த நாளில் 2-1 என்று வென்று தங்கம் வாங்கினோம்.

அந்த கோல்களால்தான் அவர் பெயர் நிலைத்தது என்று பார்க்க வந்தவர்களில் சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சை 1-1 என்று நிறுத்திய அணியின் பின்களத்தில் நின்றவர் அவர். 1964இல் அர்ஜுனா விருதும், அதன்பின் அணித்தலைமையும் தேடி வந்தது அவருடைய தடுப்பாட்டத்துக்காகத்தான்.

துண்டுகளை உட்கார்ந்து தமிழாக்கிய ஆசிரியை அக்காவுக்கும், ஃபிளக்ஸ் அடித்துக் கூலி வாங்க மறுத்த ஈரோட்டு அண்ணனுக்கும், பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்த திருப்பூர் பனியன் கம்பெனித் தோழர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். விடியும் முன்பே சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பாலோடு அனுப்பிய அம்மிச்சிமார்களுக்குத் தனி நன்றி. ஒரு பிள்ளைகூடப் பசியோடு நிற்கவில்லை.

பின்களத்தில் நிற்கச் சொன்னால் முகம் சுருங்கும் எங்கள் பெண் பிள்ளைகளில் இருவர், இப்போது தாமாகவே அந்த இடத்தைக் கேட்கிறார்கள். இந்த உதவியெல்லாம் சேர்ந்து செய்த வேலை அது.

படங்களைப் பத்திரமாகச் சட்டமிட்டு வைத்திருக்கிறோம். அந்தியூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்று கேட்டிருக்கிறது. ஏற்றிப்போக வண்டி தர முடிந்தவர்கள், மாலையில் மைதானத்துக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்.