பாகனீனியின் வயலினைக் காத்துவருபவர்களுக்கு ஒரு நன்றி மடல்

இத்தாலியின் ஜெனோவா நகரில், துர்சி மாளிகையில், இத்தாலிய வயலின் மேதை நிக்கோலோ பாகனீனியின் வயலினையும் மடல்களையும் இசைக் கையெழுத்துப் படிகளையும் காத்துவரும் அன்பர்களுக்கும், அவற்றைக் காண எங்களுக்கு வழிசெய்தவர்களுக்கும், கர்நாடக இசையில் வயலின் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரும் அவருடைய மாணவர்களும் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

எங்கள் கடிதங்களுக்கெல்லாம் சலிக்காமல் விடையளித்து, கூட்டம் குறைவான நேரத்தில் வரச்சொன்ன அலுவலருக்கு முதல் நன்றி. அவர் அப்படிச் சொல்லியிராவிட்டால், 1743-இல் கிரெமோனாவில் குவார்னெரி டெல் ஜெசு என்ற வயலின் கைவினைஞர் செய்த, முழக்கத்துக்காகப் பாகனீனியே 'பீரங்கி' என்று அழைத்த அந்த வயலினின் முன்னால் அவ்வளவு நேரம் நின்றிருக்க முடியாது.

அங்கே பணியிலிருந்த பெரியவர், நாங்கள் கேட்காமலேயே, தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் நரம்புதாங்கியின் இருபுறமும் மெருகு தேய்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். முகவாய்த்தாங்கி இல்லாமலேயே வாசித்த பாகனீனியின் தாடை ஆண்டுக்கணக்கில் உராய்ந்த இடம் அது. வயலினின் நுனியிலுள்ள சுருள்தலையை வலக்கணுக்காலில் ஊன்றி, தரையில் அமர்ந்து வாசிக்கும் எங்கள் மாணவர்களுக்கு, உடம்பு கருவியைத் தொடும் இடம் வாசிப்பு முறைக்கு ஏற்ப மாறும் என்பதை நான் எத்தனையோ முறை சொல்லியிருந்தாலும், அந்தத் தேய்மானத்தைக் கண்ட பிறகே அது விளங்கியது. அந்த இடத்தில் புதுப்பூச்சு ஏற்றாமல் விட்டுவைத்த பராமரிப்பாளர்களுக்குத் தலைவணங்குகிறோம். ஒரு கலைஞனின் உடைமையைப் பளபளப்பாக்கிவிட்டால் அதில் கலைஞன் மிஞ்சமாட்டான் என்பது என் உறுதியான எண்ணம்.

பழுதுபார்க்கப் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, இந்த வயலினைப் பார்த்து வியோம் என்ற கைவினைஞர் செய்த நகல், பின்னர் பாகனீனியின் மாணவர் கமில்லோ சிவோரியிடம் சேர்ந்தது. அதையும் அங்கே கண்டோம். அந்த நகல் செய்யப்பட்டது 1830-களில். கர்நாடக இசையில் வயலின் வாசித்த தஞ்சை வடிவேலுவுக்குத் திருவிதாங்கூரின் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தாலான வயலினைப் பரிசளித்ததும் 1834-இல்தான் என்பதால், அந்தக் காலம் எங்களுக்கு அயலானதாகத் தோன்றவில்லை.

தம் வயலின் ஜெனோவா நகரிடமே என்றும் இருக்க வேண்டும் என்று பாகனீனி உயில் எழுதினார். 1851-இல் அதைப் பெற்றுக்கொண்ட நகரம், பேழையில் பூட்டிவைப்பதோடு நின்றுவிடவில்லை. 1954-இல் தொடங்கிய பாகனீனி போட்டியில் வெல்லும் இளைஞர்கள் அதை வாசிக்கிறார்கள். 2024-இல் பிரான்சின் கிரெனோபிள் நகருக்கு எடுத்துச்சென்று, மரத்தின் உள்நிலையை ஊடுகதிர்களால் ஆராயவும் செய்தார்கள். வாசிக்கவும் வேண்டும், சிதையவும் கூடாது என்ற இந்த இரட்டைக் கவலையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவருபவர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி உரியது.

அந்தப் பெரியவர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் தமிழில் சொல்லி, மாணவர்களின் கேள்விகளையும் தயங்காமல் கேட்டுத்தந்த, அங்கு படிக்கும் தமிழ் மாணவிக்கும், பிள்ளைகளை நம்பி என்னோடு அனுப்பிய பெற்றோருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். இம்மடலை இத்தாலிய மொழியில் பெயர்த்துத்தர அந்த மாணவியே இசைந்திருக்கிறார். மாணவர்கள் வரைந்த வயலின் படங்களையும் சேர்த்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைக்கிறோம்.

நன்றியுடன்,
வயலின் ஆசிரியரும் மாணவர்களும்