வெள்ளவத்தையில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அயலவர்களுக்கு,

போன ஒக்டோபர் மழையில் எங்கள் டொமி செத்துப்போனது உங்களில் பலருக்குத் தெரியும். ஏதோ விஷத்தைத் தின்றுவிட்டான் என்றுதான் ஒழுங்கை முழுக்கப் பேச்சு. விஷம் இல்லை. எலிக்காய்ச்சல்.

வயலில் இறங்குகிறவர்களுக்கு வருகிற வருத்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்த வருத்தத்தைக் கொண்டுவருகிற லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. எலிக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. எலி பெய்கிற மூத்திரத்தோடு வெளியே வந்து ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காய்ந்த இடத்தில் தாங்காது. மழைக்குக் கான் நிரம்பி ஒழுங்கைக்குள் வரும்போது நம் நாய்கள் அந்தத் தண்ணீரில்தான் நடக்கின்றன, அதைத்தான் நக்குகின்றன.

காலில் ஒரு கீறல் போதும். கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழைந்துவிடும். சுருள்கம்பி மாதிரி முறுக்கிய உடம்பு அதற்கு; திருகிக்கொண்டே நகரும். இரத்தத்தில் பெருகி, நுண்ணிய இரத்தக்குழாய்களின் உட்சுவரைச் சிதைக்கும். அப்புறம் ஈரல், சிறுநீரகம்.

டொமி முதல் நாள் சாப்பிடவில்லை. படியடியில் நின்றுகொண்டு ஏற மாட்டேன் என்றான். தசை நோவும் இந்த வருத்தத்தின் அறிகுறி என்று எனக்கு அப்போது தெரியாது. மூன்றாம் நாள் வாந்தி. நான்காம் நாள் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். முரசு மஞ்சளாக இருந்தது. சேலைன் ஏற்றியும் சிறுநீரகம் வேலை செய்யவில்லை.

பிறகுதான் அவனுடைய ஊசி கார்டை எடுத்துப் பார்த்தேன். விசர் ஊசி மட்டும் வருடாவருடம் ஒழுங்காகப் போட்டிருந்தது. அது வைரஸுக்கு உரியது, இதைத் தடுக்காது. லெப்டோ ஊசி தனி. முதலில் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு தரம், பிறகு வருடம் ஒருமுறை. எல்லா வகை லெப்டோவையும் அது தடுக்காதுதான்; ஆனாலும் போடுங்கள்.

இன்னொன்று. நோய் வந்த நாயின் மூத்திரத்தால் மனிதருக்கும் தொற்றும். கையுறை போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், நாய்க்கு வந்ததையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

இன்றைக்கே கார்டை எடுத்துப் பாருங்கள். அதில் எழுதியிருப்பது விளங்காவிட்டால் என்னிடம் கொண்டுவாருங்கள். மிருக வைத்தியரிடம் நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
டொமியை வளர்த்தவள்