அழுகை நின்ற பிறகும் திரும்பாத கவனம்

அன்பு மகளுக்கு,

மனச்சோர்வுக்கு எஸ்சிட்டாலோபிராம் மாத்திரை 10 மில்லிகிராமோடு கம்ப்யூட்டரில் கவனப் பயிற்சியும் செய்யச் சொன்னார்கள், மாத்திரை போதாதா என்று கேட்டிருந்தாய். போதாமல் போக வாய்ப்பு உண்டு.

மனச்சோர்வு மனநிலையை மட்டும் கெடுப்பதில்லை. கவனம், நினைவு, யோசிக்கும் வேகம் எல்லாவற்றையும் இழுத்துவிடுகிறது. மாத்திரையால் அழுகை நிற்கும், தூக்கம் சீராகும். ஆனாலும் ஒரு பக்கம் படித்து முடித்தால் முதல் பத்தி மறந்திருக்கும். பலர் இந்தக் கட்டத்தில்தான் "மருந்து கேட்கவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். பயிற்சி இந்தக் குறைக்குத்தான்.

மருந்தின் பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுதாகத் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். குமட்டல், தலைவலி, படபடப்பு போன்ற பக்கவிளைவுகள் அதற்கு முன்பே வரலாம். முதல் இரண்டு வாரம் பயிற்சியைத் தள்ளிப்போடலாமா என்று டாக்டரிடம் கேள். அந்த நாட்களில் வாங்கும் மதிப்பெண் மனதை இன்னும் நோகடிக்கும். உனக்கு 25 வயது ஆகவில்லை. இந்த வயதில் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம். வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல், மறுநாளுக்கு வைக்காதே.

பயிற்சிகளில் எனக்குப் பிடித்தது எண் கூட்டல். 3, 5, 4, 2 என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். வந்த எண்ணை அதற்கு முந்தைய எண்ணோடு மட்டும் கூட்ட வேண்டும். விடைகள் 8, 9, 6. மனம் தன் விடையான 8-ஐப் பிடித்துக்கொண்டு 12 என்று சொல்லத் துடிக்கும். ஒன்று தவறியதும் "என்னால் எதுவுமே முடியாது" என்ற நினைப்பு வரும், அதிலேயே அடுத்த மூன்று எண்கள் ஓடிப்போகும். அந்த நினைப்பைக் கீழே போட்டுவிட்டு வரும் எண்ணைப் பிடிப்பதுதான் இங்கே பழக வேண்டிய வித்தை. கணக்கு வெறும் சாக்கு.

பத்துக்கு எட்டு சரியாக வரும் வேகத்தில் வைத்துக்கொள். எல்லாமே சரியாக வந்தால் அது பயிற்சியே இல்லை. ஒரு தடவைக்கு 20–30 நிமிடம், வாரம் 4 நாள், 6 வாரம். ஞாயிறு அன்று மொத்தமாக இரண்டு மணி நேரம் உட்காராதே.

மதிப்பெண் ஏறியும் வேலையில் மாற்றம் தெரியாமல் போவது சகஜம். அந்தக் கம்ப்யூட்டர் பயிற்சியில் மட்டும் கை தேறியிருக்கும். அதனால் பயிற்சி முடிந்த கையோடு இரண்டு பக்கம் படித்து, மூடிவைத்து, மூன்று குறிப்பு எழுது. மதிப்பெண்ணே ஏறவில்லையா? தூக்க மாத்திரையோ, தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரையோ எடுக்கிறாயா என்று பார். இரண்டும் நினைவை மழுக்கும்.

மருந்து இல்லாமல் பயிற்சி மட்டும் போதாதா என்றும் கேட்பாய். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்துக்கு மசியாத முதியவர்களுக்கு 4 வாரப் பயிற்சி நல்ல பலன் தந்தது. ஆனால் அவர்கள் 11 பேர்தான். அதை நம்பி மாத்திரையைத் தூக்கிப்போட முடியாது.

தேறிய பிறகும் 6 முதல் 9 மாதமாவது மாத்திரை தொடர வேண்டும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றும், தலைக்குள் ஷாக் அடித்தது போல இருக்கும். டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறை. ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதே.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மனச்சோர்வை அளக்கும் அந்த ஒன்பது கேள்வித் தாளை (PHQ-9) நிரப்பு. 27-க்கு எவ்வளவு என்று எனக்கும் அனுப்பு. எண் கூடினால் சோர்வு கூடியிருக்கிறது என்று அர்த்தம், கூடியிருந்தாலும் மறைக்காதே.

அம்மா