விழுந்த மரத்தின் நட்டத்தையும் கணக்கில் எடுங்கள்

மத்திய அரசில் வருமான வரிச் சட்டம் வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கஜா புயலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய காற்று, அரிமளம் அருகே எங்கள் அப்பச்சி 1989-இல் நட்ட தேக்கில் பாதிக்குமேல் சாய்த்துவிட்டுப் போனது. விழுந்ததை விற்ற பணத்துக்கு வரி கேட்டு இப்போது எனக்குக் கடிதம் வந்திருக்கிறது.

நட்டு வளர்த்ததற்கு ஆதாரம் இல்லையென்றால் அது வரியில்லாத விவசாய வருமானம் ஆகாதாம். உழுது, நட்டு வளர்ப்பதுதான் விவசாயம் என்று உச்ச நீதிமன்றம் 1957-இல் சொன்னது எனக்கும் தெரியும். சரி, முப்பது வருஷத்துக்கு முந்தைய கன்று ரசீதுக்கு நான் எங்கே போவேன்? சரளை மண்ணில் கடப்பாரை போட்டுக் குழி எடுத்தார் அப்பச்சி. முதல் இரண்டு கோடையும் ஊரணியிலிருந்து மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். புயலுக்கு மறுநாள் நான் பார்த்தபோது வேர்க்குழிகள் பத்தடிக்கு ஒன்றாக, கயிறு பிடித்த மாதிரி வரிசையாக இருந்தன. தானாக முளைத்த மரம் அப்படியா நிற்கும்? அந்தக் குழிகள்தான் என்னிடம் இருந்த ஆதாரம். அவையும் இப்போது தூர்ந்துவிட்டன.

சுற்றுவட்டாரம் முழுக்க மரம் கிடந்ததால் வியாபாரி பாதி விலைகூடக் கேட்கவில்லை. நடுவில் பிளந்த மரங்கள் விறகுக்குத்தான் போயின.

விவசாயம் என்றால் வரி வேண்டாம். விவசாயம் இல்லை, சொத்து என்றால் அந்தச் சொத்து அழிந்த நட்டத்தையும் ஏற்க வேண்டும். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். சொத்து அழிவது கைமாற்றம் ஆகாது என்பதால் நட்டத்தைக் கழிக்க முடியாது என்கிறார் என் ஆடிட்டர். ஆனால் புயலில் அழிந்த சொத்துக்குக் காப்பீட்டுப் பணம் வந்தால் மட்டும் 1961 சட்டத்தின் 45(1ஏ) பிரிவு அதை ஆதாயமாக எடுத்துக்கொள்கிறது. பணம் வந்தவனிடம் வரி, எல்லாம் போனவனுக்கு ஒன்றுமில்லை. இது என்ன நியாயம்? 2025-இல் சட்டத்தையே புதிதாக எழுதினீர்கள். அப்போதாவது இதைச் சரிசெய்திருக்கலாம்.

அன்று தென்னைக்கு மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். எங்கள் தேக்குக்கு எதுவும் வரவில்லை. மரம் வளருங்கள் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள், வளர்த்த மரம் விழுந்தால் ஏன் என்று கேட்க ஒரு நாதி இல்லை. நிவாரணம் மாநில அரசின் பொறுப்பு, உங்களிடம் சொல்வது முறையல்ல. மன்னிக்கவும், ஆற்றாமையில் எழுதிவிட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். இயற்கைச் சீற்றத்தில் விழுந்த மரத்தின் நட்டத்தையும் நட்டமாக ஏற்றுக்கொள்ளுங்கள். ரசீது இல்லாத இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்துத் தரும் சான்றைப் போதுமான ஆதாரமாக வையுங்கள். அடுத்த புயலுக்கு முன்பு இதைச் செய்துதர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரிமளம் பக்கத்து நிலக்காரன்